கோடியக்கரையில் பறவை பார்க்க டிசம்பர் கடைசியா, ஜனவரி கடைசியா?

காவிரிக்கரையான்:

வணக்கம். மகளுக்கு அரையாண்டு விடுமுறை வருகிறது. மனைவி, ஆறாம் வகுப்பு படிக்கும் மகள், அப்பா, நான் என நான்கு பேரும் வேதாரண்யத்தில் இரண்டு இரவு தங்கி கோடியக்கரையில் பறவை பார்க்கலாம் என்று இருக்கிறோம். எங்கள் ஊர்க் குளங்களில் கொக்கு, நத்தைகுத்தி நாரை, மீன்கொத்தி, முக்குளிப்பான் வரை எனக்குப் பழக்கம் உண்டு. கடற்கரைப் பறவைகள் என்று வந்தால் ஒன்றும் தெரியாது. கையில் 8×42 பைனாகுலர் ஒன்று இருக்கிறது, பெரிய கேமரா எதுவும் இல்லை.

மகளுக்குப் பூநாரை பார்த்தே ஆக வேண்டும். டிசம்பர் கடைசியில் வந்தால் இருக்குமா? ஒருவர் நவம்பர்தான் சரி என்கிறார், இன்னொருவர் பிப்ரவரிக்கு முன்னால் போகவே வேண்டாம் என்கிறார், இரண்டு பேருமே போய் வந்தவர்கள். அடுத்து, சேற்றில் கும்பலாக ஓடுகிற சின்னச் சின்னப் பழுப்புப் பறவைகளை எப்படிப் பிரித்து அறிவது? புத்தகப் படத்தில் எல்லாமே ஒரே மாதிரி தெரிகின்றன. கடைசியாக, அப்பாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க மாட்டார். அவரும் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இடம் உண்டா?

உப்பளத்து ஆள்:

வேதாரண்யம்தான் எனக்குச் சொந்த ஊர், அதனால் முதலில் நானே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் நவம்பர் என்றவரும் சரி, பிப்ரவரி என்றவரும் சரி. இருவரும் போன ஆண்டில் மழை எப்படி இருந்தது என்று கேட்டிருந்தால் குழப்பமே வந்திருக்காது. இங்கே பறவையை நாள்காட்டி பார்த்துத் தேடக் கூடாது, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துத்தான் தேட வேண்டும்.

விவரமாகச் சொல்கிறேன். கோடியக்கரையில் இருந்து மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரைக்கும் நீண்டு கிடக்கிற சதுப்பு நிலம் மொத்தமும் ஒரு பெரிய, ஆழமில்லாத தட்டையான பரப்பு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும்போது அதில் மழைநீரும் கடல்நீரும் கலந்து நிரம்பிவிடும். அப்போது வாத்து, பூநாரை, கூழைக்கடா போல நீந்தவோ நெடுங்காலில் நிற்கவோ முடிந்த பறவைகளுக்குக் கொண்டாட்டம். விரல் நீளக் கால் உள்ள உள்ளான்களுக்கு, அதாவது நீங்கள் கேட்ட சின்னப் பழுப்புப் பறவைகளுக்கு, நிற்க இடம் இருக்காது, அவை வரப்பிலும் மேட்டிலும் ஒதுங்கிக் கிடக்கும், அல்லது வேறு பக்கம் போய்விடும். மழை நின்று, ஜனவரி முதல் தண்ணீர் வற்ற வற்ற ஓரத்தில் ஈரச்சேறு வெளியே தெரியும். அந்தச் சேற்று விளிம்பு நாளுக்கு நாள் உள்ளே நகரும், பறவைக் கூட்டமும் அதோடு சேர்ந்தே நகரும். போன வாரம் சாலையை ஒட்டி நின்ற கூட்டம் இந்த வாரம் ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்பது அதனால்தான். பறவை குறைந்துவிட்டது என்று சிலர் அங்கலாய்ப்பதற்குப் பாதிக் காரணம் இதுவே.

கடல் ஏற்றவற்றம் பார்த்துப் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். இந்தப் பக்கம் அது ஒரு மீட்டருக்கும் குறைவு. வாடைக்காற்று பலமாக அடித்தாலோ ஒரு நாள் கனமழை கொட்டினாலோ நிலைமை அதைவிட அதிகமாக மாறிவிடும்.

ஆகவே டிசம்பர் கடைசியில் வந்தால் பூநாரைக்கு நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் "நிச்சயம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெருமழை ஆண்டில் தண்ணீர் ஆழமாகிப் பூநாரைகூட ஒரு மூலைக்குப் போய்விடும். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நாக்கால் நீரை உள்ளிழுத்து வடிகட்டித் தின்கிற பறவை அது. கால் தரையில் பாவாத ஆழத்தில் அதனால் வயிறார மேய முடியாது. மழை பொய்த்த ஆண்டிலோ உப்பு ஏறி, இரையாகும் உயிர்கள் செத்து, பரப்பே வெள்ளை பூத்துக் கிடக்கும். நடுத்தரமான மழை, அப்புறம் பத்துப் பதினைந்து நாள் வெயில், இதுதான் நமக்கு வேண்டியது.

இடம்: வேதாரண்யத்தில் இருந்து அகத்தியம்பள்ளி, கோடியக்காடு வழியாகக் கோடியக்கரைக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டர். உப்பளமும் சதுப்பும் சாலைக்கு மேற்கே. இதைக் கவனியுங்கள், ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் மதியச் சாப்பாடு முடித்து சாயங்காலம் வருகிறார்கள், அப்போது சூரியன் மேற்கே நேர் எதிரில் நிற்கும், பூநாரையும் கறுப்பு, காக்கையும் கறுப்பு. காலையில் வந்தால் வெயில் உங்கள் முதுகில் விழும், பறவையின் ஒவ்வொரு இறகும் தெரியும். டிசம்பர் கடைசியில் ஆறரை மணிக்குள் சூரியன் வந்துவிடும், ஏழு முதல் ஒன்பது வரைதான் பொன்னான நேரம். அதற்கு மேல் கானல் எழும்பித் தொலைவில் உள்ள பறவை எல்லாம் ஆட ஆரம்பிக்கும், எவ்வளவு நல்ல பைனாகுலரும் அதைச் சரிசெய்யாது.

உப்பளத்துக்குள் நீங்களாக இறங்க வேண்டாம். சில பாத்திகள் தனியாருடையவை, சதுப்பு வனத்துறைக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கோடியக்கரை வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, அனுமதியோடு, வழி தெரிந்த உள்ளூர் ஆளோடு போங்கள். அனுமதி ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தச் சேறு மேலே காய்ந்த மாதிரி தெரியும், காலை வைத்தால் முழங்கால் வரை இழுக்கும்.

சேற்றுமணல்:

பழுப்புப் பறவைக் கேள்விக்கு நான் வருகிறேன். எனக்குப் பூநாரையைவிட இவற்றின் மேல்தான் பிரியம். கொசு உள்ளான் ஏறக்குறைய 25 கிராம் எடை. உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது. அது ஆர்க்டிக் துந்திரத்தில், அதாவது வடதுருவப் பக்கத்து மரமில்லாச் சமவெளியில் பொரித்து, கண்டம் கடந்து இந்தச் சேற்றுக்கு வந்து நிற்கிறது. பக்கத்தில் நிற்கிற வளைமூக்கு உள்ளான் வடக்கு சைபீரியாவில், டைமிர் போன்ற இடங்களில் கூடு கட்டுவது. இவ்வளவு தூரத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் "எல்லாம் ஒரே பழுப்பு" என்கிற எண்ணம் தானாகப் போய்விடும்.

ஆரம்பத்தில் நிறத்தைப் பார்க்காதீர்கள். குளிர்காலத்தில் இவை எல்லாமே மேலே சாம்பல் பழுப்பு, கீழே வெள்ளை, அதனால் படத்தோடு ஒப்பிட்டால் தலைசுற்றும். எப்படி இரை எடுக்கிறது என்று பாருங்கள். சட்டென்று நாலு அடி ஓடி, சிலை போல நின்று, குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓட்டம் என்றால் அது உப்புக்கொத்தி வகை. அலகு குட்டை, கண் பெரிது, கண்ணால் பார்த்து வேட்டையாடும் பறவை. நிற்காமல் தையல் இயந்திர ஊசி மாதிரி சேற்றில் அலகைக் குத்திக்கொண்டே நகர்ந்தால் அது உள்ளான் வகை, அலகின் நுனியால் தடவிப் பார்த்து இரை எடுப்பது. இந்த ஒரு பிரிவைப் பிடித்துக்கொண்டாலே பாதிக் கூட்டம் பிரிந்துவிடும்.

அப்புறம் அலகும் காலும். சிவந்த கால், அலகின் அடிப்பகுதியும் சிவப்பு, பறக்கும்போது இறக்கையின் பின் விளிம்பில் பளிச்சென்று வெள்ளைப் பட்டை என்றால் பவளக்காலி. ஆளைக் கண்டால் முதலில் கத்தி எல்லாரையும் எழுப்பிவிடுவதும் இதுதான். பச்சை கலந்த கால், சற்றே மேல் நோக்கி வளைந்த அலகு, பறக்கும்போது மூன்று முறை கணீரென்று கூப்பிட்டால் பச்சைக்காலி. அலகு கீழ் நோக்கி மெல்ல வளைந்து, எழுந்து பறக்கும்போது வால் மேல்புறம் வெள்ளையாகத் தெரிந்தால் வளைமூக்கு உள்ளான். கூட்டத்திலேயே ஆகச் சிறியது, குட்டையான நேரான அலகு, கறுத்த கால் என்றால் கொசு உள்ளான். மெலிந்து உயரமாக, இளஞ்சிவப்பில் நம்ப முடியாத நீளக் கால் என்றால் நெடுங்கால் உள்ளான், அது ஆண்டு முழுக்க நம்மோடு இருப்பது. மகளுக்கு முதலில் அதைக் காட்டுங்கள், பார்த்த உடனே மனதில் நின்றுவிடும். உடம்பு பெரிதாக, அரிவாள் மாதிரி நீண்டு வளைந்த அலகோடு ஒன்று தனியாக நடந்தால் அது குதிரை மலைக்கோட்டான், அதைப் பார்த்தால் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிடுங்கள்.

முதல் முறையே எல்லாவற்றுக்கும் பெயர் வைக்க வேண்டும் என்று இல்லை. ஒரு காலை முழுக்க ஒரே ஒரு சேற்று ஓரத்தில் உட்கார்ந்து ஐந்து வகையை நன்றாகப் பார்ப்பது, வண்டியில் சுற்றி முப்பது வகையைக் குறித்துக்கொள்வதைவிட எவ்வளவோ மேல்.

பூநாரையிலும் ஒன்று பாருங்கள். வெளிர்சிவப்பு அலகில் நுனி மட்டும் கறுப்பாக இருந்தால் அது பெரிய பூநாரை, இங்கே பெரும்பாலும் அதுதான். அலகு முழுக்கக் கருஞ்சிவப்பாக, உடம்பும் சிறியதாக இருந்தால் சின்னப் பூநாரை, அதைக் கண்டால் எழுதி வையுங்கள். கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் மங்கலாக நிற்பவை வேறு இனம் இல்லை, இளம் பறவைகள். பாசியிலும் உப்புநீர் இறாலிலும் உள்ள நிறமி உடம்பில் சேரச் சேரத்தான் சிவப்பு ஏறும், அதற்குச் சில ஆண்டுகள் ஆகும்.

ஒளிப்படப்பிரியன்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே சமயம் அங்கே வருகிற திட்டம் உண்டு. பூநாரை கூட்டமாக எழும்பிப் பறக்கிற படம் ஒன்று எடுக்க நீண்ட நாள் ஆசை, இறக்கைக்குக் கீழே உள்ள சிவப்பும் கறுப்பும் அப்போதுதான் தெரியும். தானாக எழும்பும் வரை காத்திருக்க வேண்டுமா, அல்லது கொஞ்சம் நெருங்கிப் போனால் பறக்குமா? எவ்வளவு தூரம் வரை போகலாம்? ட்ரோன் கொண்டுவரலாமா?

உப்பளத்து ஆள்:

ட்ரோன் வேண்டாம். சரணாலயத்தில் அனுமதி இல்லாமல் பறக்கவிடவும் முடியாது, அனுமதி இருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், மேலே இருந்து எது வந்தாலும் இவற்றுக்கு அது பருந்துதான்.

நெருங்கிப் போய் எழுப்புவதைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிர்காலம் முழுக்க இந்தப் பறவைகள் இங்கே செய்கிற ஒரே வேலை தின்று கொழுப்புச் சேர்ப்பது. மார்ச், ஏப்ரலில் வடக்கே கிளம்பும்போது அந்தக் கொழுப்புதான் எரிபொருள். ஒரு முறை எழுப்பினால் அந்த மேய்ச்சல் நேரமும் போச்சு, பறந்த பலமும் போச்சு. நீங்கள் ஒருவர் ஒரு முறை என்று நினைப்பீர்கள், சனி ஞாயிறில் அதே கூட்டத்தை ஐந்து வண்டிக்காரர்கள் ஐந்து முறை எழுப்புவதை வரப்பில் நின்று பார்க்கிற எங்களுக்குத்தான் அது தெரியும். 25 கிராம் பறவைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அறிகுறி சொல்கிறேன். மேய்ந்துகொண்டிருந்த பூநாரைகள் தலையைத் தூக்கி, கழுத்தை நேராக நீட்டி, எல்லாம் ஒரே பக்கமாக நடக்க ஆரம்பித்தால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். அங்கேயே நில்லுங்கள், இரண்டடி பின்னால் வாருங்கள், உட்காருங்கள். மீண்டும் தலை கவிழ்ந்தால் சரி. உட்கார்ந்தபடி காத்திருந்தால் உங்கள் படமும் கிடைக்கும். செம்பருந்தோ வேறு கழுகோ மேலே போகும்போது அவையே எழும்பும், காலையில் ஒரு பாத்தியில் இருந்து இன்னொன்றுக்கு மாறும்போதும் எழும்பும், அப்போது வெளிச்சமும் உங்கள் பின்னால் இருக்கும்.

ஒளிப்படப்பிரியன்:

புரிந்தது. ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன். வரப்பில் உட்கார மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துக்கொள்கிறேன்.

காவிரிக்கரையான்:

எல்லாருக்கும் நன்றி. ஓட்டம், நிறுத்தம், கொத்து என்பதை மகளிடம் சொன்னேன், மாடியில் மைனாவையும் தவிட்டுக்குருவியையும் வைத்தே பழக ஆரம்பித்துவிட்டாள்.

காலை நேரம் உப்பளம் என்று முடிவாயிற்று. ஒன்பது மணிக்கு மேல் என்ன செய்வது? அப்பாவுக்கு ஏதாவது இடம் சொல்லுங்கள். மழை வந்து சதுப்பு முழுகிவிட்டால் வேறு வழி உண்டா?

காட்டுக்கிளை:

கோடியக்கரை என்றால் எல்லாரும் சதுப்பையே பேசுகிறார்கள், காட்டை விட்டுவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் ஆதங்கம். 1967இல் இது சரணாலயமானதே வெளிமான்களுக்காகத்தான். அந்தப் புல்வெளியும், அதை ஒட்டிய வறண்ட பசுமைமாறாக் காடும் சேர்ந்ததுதான் சரணாலயம். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையில் ஏறியபோது காடு பட்ட அடி கொஞ்சநஞ்சம் இல்லை, மரங்கள் முறிந்தும் மொட்டையாகவும் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இப்போது மறுபடி இலை மூடியிருப்பதைக் காண்பதே நிறைவாக இருக்கும்.

வலசை வருகிற காட்டுப் பறவைகளுக்கு இந்த முனை முக்கியமான இடம், இதைத் தாண்டினால் பாக் நீரிணை, அப்புறம் இலங்கை. ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரப் பக்கம் இருந்து தெற்கே இறங்குவது. விடியலிலும் பொழுது சாயும்போதும் இரண்டு சுரமாகக் கூப்பிடும். நிழலில் சருகைப் புரட்டிக்கொண்டு தரையிலேயே நடக்கும், அதனால் மரத்தைப் பார்க்காமல் புதருக்குக் கீழே பாருங்கள். பச்சை முதுகு, மணல் நிற மார்பு, வாலுக்கு அடியில் சிவப்பு. அசையாமல் நின்றால் கண்ணில் படும். அரசவால் ஈப்பிடிப்பான், மாங்குயில், கொண்டலாத்தி இவற்றுக்கும் வாய்ப்பு உண்டு. மின்கம்பியில் வரிசையாகத் தகைவிலான், நீலவால் பஞ்சுருட்டான் இரண்டையும் சாலையிலேயே பார்க்கலாம்.

அப்பாவுக்கு: இங்கே வண்டி போகிற அளவுக்குக் காட்டுப் பாதை உண்டு, வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு அதில் மெதுவாகப் போனாலே வெளிமான், காட்டில் தானாகத் திரியும் குதிரைகள் எல்லாம் வண்டியில் இருந்தபடியே பார்க்கலாம். வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, உள்ளேயே உட்கார்ந்திருங்கள். இறங்கி நடப்பவரைவிட உட்கார்ந்திருப்பவருக்கு அதிகம் தெரியும். முனியப்பன் ஏரிப் பக்கமும் வழி விட்டால் போய்ப் பாருங்கள், நன்னீர் தேடி வருகிற பறவை அங்கே கிடைக்கும்.

சதுப்பு முழுகிவிட்டால் கோடியக்கரை மீன் இறங்குகிற கடற்கரைக்குப் போங்கள். குளிர்காலப் பருவத்தில் வெளியூர் மீனவர்களும் வந்து குடிசை போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள், வலை உதறுகிற இடத்தில் கடற்காகமும் ஆலாவும் செம்பருந்தும் மொய்க்கும். பழுப்புத்தலைக் கடற்காகம்தான் அதிகம். குளிர்காலத்தில் அதன் தலை பழுப்பாக இருக்காது, வெள்ளைத் தலையில் காதருகே ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் தெரியும். புத்தகத்தில் பழுப்புத் தலையைத் தேடிக் குழம்ப வேண்டாம். படகு இழுக்கிற, கயிறு கட்டுகிற வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நில்லுங்கள், எந்தப் பறவை எப்போது வரும் என்று அவர்களிடமே கேளுங்கள், யாரும் சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

சேற்றுமணல்:

ஒன்றைச் சேர்க்கிறேன். கூட்டத்தில் ஏதாவது பறவையின் காலில் வளையமோ சின்ன நிறக்கொடியோ தெரிந்தால் விடாதீர்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாக வளையமிடும் வேலை செய்து வருகிறது, சாலிம் அலி காலத்தில் இருந்தே அவர்களுக்கு இந்த இடம் பழக்கம். கொடி என்ன நிறம், வலது காலா இடது காலா, முட்டிக்கு மேலா கீழா, இரண்டு கொடி என்றால் எது மேலே, எழுத்தோ எண்ணோ உண்டா, இத்தனையும் குறித்து, முடிந்தால் படத்தோடு கழகத்துக்கு அனுப்புங்கள். ஒரே பறவை எந்தெந்த நாட்டைத் தொட்டு வந்தது என்று தெரிவதெல்லாம் இப்படிக் கண்ணில் பட்டவர்கள் எழுதி அனுப்பியதால்தான். எண்பதுகளில் கரண்டிமூக்கு உள்ளான் இங்கே பதிவாகியிருக்கிறது. இன்று உலகத்திலேயே மிக அருகிப்போன கரைப்பறவைகளில் ஒன்று அது. ஆகவே கொசு உள்ளான் கூட்டத்தில் அலகு நுனி தட்டையாக அகன்று தெரிகிற ஒன்று இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதில் தப்பே இல்லை, நான் ஒவ்வொரு முறையும் பார்ப்பேன்.

நீங்கள் பார்த்ததை இ-பேர்ட் என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் பட்டியலாகப் போடுங்கள். பெயர் தெரியாததை "உள்ளான் வகை" என்றே போடலாம், ஊகித்துப் பெயர் போடுவதைவிட அது நல்லது. எண்ணிக்கையைக் கட்டாயம் எழுதுங்கள். 2002இல் ராம்சர் இடமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட சதுப்பு இது, தமிழ்நாட்டில் முதலாவது. அங்கே ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு மாறுகிறது என்று சொல்ல எண்ணிக்கைதான் வேண்டும்.

காவிரிக்கரையான்:

எண்ணிக்கை என்றால், ஆயிரக்கணக்கில் நிற்கிற கூட்டத்தை எப்படி எண்ணுவது? அப்புறம் அப்பா ரயிலில் வர ஆசைப்படுகிறார், வசதிப்படுமா?

உப்பளத்து ஆள்:

எண்ணுவதற்கு முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணுங்கள், அந்தப் பத்து பைனாகுலரில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவை அடுத்தடுத்து நகர்த்தி எத்தனை பத்து என்று பாருங்கள். கூட்டம் பெரிதென்றால் ஐம்பது, நூறு என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் விலகியும் நிற்கும், அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, முடிந்த பிறகு ஒப்பிட்டால் சரியாக வரும். மகளை எண்ணச் சொல்லுங்கள், பிள்ளைகள் பொறுமையாக எண்ணுவார்கள்.

ரயில்: திருத்துறைப்பூண்டி அகத்தியம்பள்ளி அகலப்பாதை 2023இல் திறந்தாயிற்று. வேதாரண்யம் வழியாகத்தான் போகிறது. நேரத்தை மட்டும் முன்கூட்டிப் பாருங்கள், வண்டிகள் குறைவு. காலை ஏழு மணிக்கு உப்பளத்து ஓரத்தில் நிற்க வேண்டும் என்றால் முதல் நாளே வந்து தங்கிவிடுவதுதான் ஒரே வழி, காலையில் கோடியக்கரைக்கு வேதாரண்யத்தில் இருந்து பேருந்தோ ஆட்டோவோ பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அப்பா உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றால் வாடகைக் கார் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

டிசம்பர் இருபதாம் தேதி வாக்கில் இங்கே ஒரு வரி போடுங்கள். எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, கூட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். தண்ணீர் சரியில்லை என்றால் பொங்கல் விடுமுறைக்குத் தள்ளி வையுங்கள். அந்த நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கும், உங்கள் பட்டியலும் அதில் சேர்ந்துவிடும்.